போதனையும் புகையிலையும்: யாழ்ப்பாணத்துப் புகைத்தல் எதிர்ப்பு ஆக்கங்கள் குறித்து ஒரு திறனாய்வு

1

இலக்கியத் திறனாய்வு கவிதையையும் நாவலையும் மட்டுமே தனக்குரிய பொருளாகக் கொள்ள வேண்டும் என்ற நியதி எதுவுமில்லை. ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே எவ்வாறு பேசிக்கொள்கிறது என்பதை அறிய விழைவோர், மக்கள் நாள்தோறும் கடந்து செல்லும் சுவரொட்டியையும், பாடசாலை மேடையில் நடிக்கப்படும் பத்து நிமிட நாடகத்தையும், சனசமூக நிலையத்தின் பட்டிமன்றத்தையும் ஒதுக்கிவிட இயலாது. இவையும் ஆக்கங்களே. இவற்றுக்கும் வடிவம் உண்டு, உள்ளடக்கம் உண்டு, அவை இரண்டையும் நிர்ணயிக்கின்ற கருத்துநிலை உண்டு. இவ்வகையில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரசும் சமூக நிறுவனங்களும் மேற்கொண்டுவரும் புகைத்தல் எதிர்ப்பு முயற்சிகளையும், அவற்றின் பேறாக எழுந்துள்ள ஆக்கங்களையும் நாம் இக்கட்டுரையில் நோக்க முற்படுகிறோம்.

இம்முயற்சிகள் அற்பமானவை அல்ல என்பதை முதற்கண் கூறிவிடுதல் நன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான கட்டமைப்புச் சாசனத்தை இலங்கை 2003 ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்புறுதி செய்தது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கத் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபைச் சட்டம் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடை செய்தது. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதைக் குற்றமாக்கியது. மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பதை விலக்கியது. 2015 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னர் சிகரெட் பெட்டியின் முகப்பில் 80 வீதத்தைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை நிரப்பலாயிற்று. 2016 இல் புகையற்ற புகையிலைக் கலவைகள் தடை செய்யப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் வரி உயர்வினால் பெரிதும் விற்பனையாகும் சிகரெட் ஒன்றின் விலை 50 ரூபாவை எட்டியது.

இவற்றோடு ஒப்பிடுகையில் இன்னும் குறிப்பிடத்தக்கது கிராமங்களில் நிகழ்ந்ததாகும். வணிகர்கள் தாமாகவே சிகரெட் விற்பனையைக் கைவிட்ட ஊர்களும் நகரங்களும் நாடளாவிய ரீதியில் 107 என்றும், அவற்றுள் அதிகமானவை, அதாவது 22, யாழ்ப்பாண மாவட்டத்தில் உள்ளன என்றும் 2010 களின் பிற்பகுதியில் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அறிவித்தார். அடுத்த நிலைகளில் இருந்த மாத்தறையும் குருநாகலும் முறையே 17, 16 இடங்களையே கொண்டிருந்தன. நூற்றாண்டுக் கணக்கில் புகையிலையால் வாழ்ந்த ஒரு மாவட்டம் புகைத்தலை விலக்குவதிலும் முன்னணியில் நிற்கிறது. இம்முரண் தற்செயலானதா? இம்முரணை நமது எதிர்ப்பு ஆக்கங்கள் உணர்ந்துள்ளனவா? இவையே நமது வினாக்கள்.

2

ஆக்கங்களை எடுத்துக்கொள்வோம். மே 31 ஆம் நாளை ஒட்டிப் பாடசாலைகளிலும் வைத்தியசாலை வளாகங்களிலும் சந்திகளிலும் அரங்கேறும் நாடகங்களின் கதைப்போக்கு பெரும்பாலும் ஒன்றே. நல்லதொரு குடும்பம், கூடாத நண்பனின் அழைப்பு, முதல் சிகரெட், இருமல், மனைவியின் கண்ணீர், பிள்ளையின் கேள்வி, வைத்தியரின் பிரவேசம், அவரது நீண்ட விளக்கம், இறுதியில் சிகரெட்டைக் காலடியில் நசுக்கும் மனந்திருந்தல் அல்லது மரணம். சுவரொட்டி இக்கதையின் இறுதிக் காட்சியை மட்டும் தருகிறது. கவிதைப் போட்டிக்கு வரும் செய்யுள் இதே கதையை எதுகை மோனையுடன் திருப்பிச் சொல்கிறது.

இவ்வாக்கங்கள் யாவற்றுக்கும் பொதுவான சில இயல்புகளை நாம் அவதானிக்கலாம். முதலாவது, இவை ‘நீ’ என்று ஒருமையில் பேசுகின்றன. அந்த ‘நீ’ ஓர் ஆண். அவனுக்குத் தொழில் இல்லை, கூலி இல்லை, வேலைநேரம் இல்லை. அவனிடம் இருப்பது மனம் ஒன்றே, அந்த மனமும் பலவீனமானது. இரண்டாவது, கேடு வெளியிலிருந்து வருகிறது. அதைக் கொணர்பவன் ‘கூடாத கூட்டாளி’. சிகரெட்டை உற்பத்தி செய்வோரோ விநியோகிப்போரோ மேடைக்கு வருவதில்லை. மூன்றாவது, பெண்ணுக்கு அழும் பாத்திரம் மட்டுமே ஒதுக்கப்படுகிறது. உழைக்கும் மகளிரிடையே சுருட்டுப் பழக்கமும் வெற்றிலையுடன் புகையிலை சேர்க்கும் வழக்கமும் இருந்து வந்துள்ளமை இவ்வாக்கங்களின் பார்வைக்குப் புலப்படுவதில்லை. நான்காவது, தீர்வு அறிவுரையால் விளைகிறது. வைத்தியர் பேசி முடிந்ததும் சிக்கல் அவிழ்கிறது. பழைய கூத்தில் இக்கட்டான வேளையில் தெய்வம் தோன்றி அருள் புரிவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிது.

ஏங்கெல்ஸ் 1845 இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலைமை பற்றி எழுதியபோது, அவர்களிடையே மலிந்திருந்த குடியைத் தனிமனிதனின் குணக்குறையாக மட்டும் கணிப்பதை மறுத்து, அவர்களது வீட்டோடும் வேலையோடும் ஓய்வின்மையோடும் அதனைத் தொடர்புபடுத்தினார். அது குடியை நியாயப்படுத்தியதன்று. மாறாக, குடியை உண்மையில் அகற்ற விரும்புபவன் எங்கே நோக்க வேண்டும் என்பதைச் சுட்டியதாகும். நமது நாடகங்கள் அந்தப் பார்வைக்கு நூற்றெழுபது ஆண்டுகள் பிந்தியும் வந்து சேரவில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பத்து நிமிட நாடகத்திடம் அரசியற் பொருளாதாரத்தை எதிர்பார்ப்பது தகுமா என்று கேட்கப்படலாம். தகும் என்பதே நமது விடை. 1980 களில் இதே யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ போன்ற நாடகங்கள் ஒரு சமூகத்தின் கூட்டுத் துயரைக் கூட்டாகவே மேடையில் நிறுத்திக் காட்டின. தனியொரு கதாநாயகனின் மனமாற்றத்தை நம்பியிராத அரங்க மரபு ஒன்று நம்மிடம் உண்டு. புகைத்தல் எதிர்ப்பு நாடகம் அம்மரபைப் பயன்படுத்தாது, அதற்கு முந்திய ஒழுக்கப் போதனை நாடகத்துக்குத் திரும்பிச் சென்றுள்ளது. ஆகவே குறை வடிவத்தின் சிறுமையில் இல்லை, கருத்துநிலையில் இருக்கிறது.

3

அவ்வாக்கங்கள் விட்டுவிட்டது யாது? புகையிலையையே அவை விட்டுவிட்டன.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலந்தொட்டு யாழ்ப்பாணத்தின் முதன்மையான பணப்பயிராக இருந்தது புகையிலை. திருவிதாங்கூரும் தென்னிலங்கையும் அதன் பெருஞ்சந்தைகள். ‘மலையாளப் புகையிலை’ என்ற பெயர் அது விளைந்த இடத்தையன்றி அது சென்ற இடத்தைக் குறித்தது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய ஆட்சி அவ்வேற்றுமதியைத் தனது ஏகபோகமாக்கிக்கொண்டது என்பதொன்றே அதன் பெறுமதியைப் புலப்படுத்தும். 20 ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்ச் சந்தை நெருக்கடிக்குள்ளாகியபோது, 1930 களில் மலையாளப் புகையிலைக்கெனக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைக்கப்பட்டது. இலங்கைக் கூட்டுறவு இயக்கத்தின் யாழ்ப்பாண வரலாற்றைப் புகையிலையை நீக்கி எழுத முடியாது.

வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் இப்பயிர் வேண்டிய உழைப்பு சாதாரணமானதன்று. பட்டி அடைத்து, குழை தாழ்த்தி மண்ணை உரப்படுத்துதல். மாரி மழையின் இறுதிக்கட்டத்தில் கன்று நடுதல். ஆழக் கிணற்றிலிருந்து துலா மிதித்து நீர் இறைத்தல். பக்க முளைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளுதல். வெட்டிய பின் வாட்டி, குடிலில் பொச்சுமட்டைப் புகையூட்டி, பாடம் போட்டு, சிப்பமாகக் கட்டுதல். இயந்திரம் வருமுன் துலாவில் ஒருவர் நடக்க, ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, வேறொருவர் வாய்க்காலில் தண்ணீர் மாற, விடியுமுன் தொடங்கிய வேலை அது. அக்கிணறு யாருடையது, அத்துலாவில் ஏறியவர் யார், அத்தண்ணீரை அள்ளிக் குடிக்க உரிமையற்றிருந்தவர் யார் என்ற வினாக்களுக்கு விடை சாதி அமைப்பில் உள்ளது. புகையிலைத் தோட்டம் நிலவுடைமையும் சாதியும் ஒன்றையொன்று தாங்கி நின்ற களமாகும்.

தோட்டத்துக்கு அடுத்தது சுருட்டுக் கொட்டில். வரிசையாக அமர்ந்து சுருட்டுச் சுற்றிய தொழிலாளர் எண்ணிக்கைக்கே கூலி பெற்றனர். அவர்கள் சுற்றிய சுருட்டைத் தென்னிலங்கையின் சிறுநகரங்களில் விற்ற யாழ்ப்பாணத்தவரின் கடைகள் ‘சுருட்டுக்கடை’ என்றே பெயர் பெற்றன. வடக்கில் இடதுசாரித் தொழிற்சங்கங்கள் காலூன்றிய தொழில்களுள் சுருட்டுத் தொழிலும் ஒன்று. கொட்டிலில் ஒருவர் செய்தித்தாளை உரத்து வாசிக்க, ஏனையோர் கைவேலையை நிறுத்தாது கேட்டு விவாதித்த வழக்கம் முதியோர் நினைவில் இன்றும் நிலைத்துள்ளது. கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 இல் இத்தகைய வாசிப்பு முறை தொடங்கியது என்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்கலாம். ஒன்றையொன்று அறியாத இரு தொழிலாளர் கூட்டங்கள் ஒரே தன்மையான வேலையிலிருந்து ஒரே தன்மையான பண்பாட்டு வழக்கத்தை உருவாக்கின. கை ஓயாது இயங்க, செவி மட்டும் ஓய்ந்திருந்த தொழில் அது.

இவற்றை எல்லாம் புகையிலையைப் போற்றும் நோக்கில் நாம் கூறவில்லை. யாழ்ப்பாணத்து இலை மென்றாலும் புகைத்தாலும் கொல்வதே. இலங்கை ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோயே முன்னிலையில் நிற்கிறது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்ந்த பழக்கத்துக்கு அதில் உள்ள பங்கு மருத்துவத்தால் நிறுவப்பட்டது. அன்றியும் இலை நுகர்பவரை மட்டும் தாக்குவதில்லை. ஈரமான பச்சைப் புகையிலையைக் கையாளுவோரின் தோல்வழி நிக்கொற்றின் உட்புகுந்து தலைச்சுற்றலையும் வாந்தியையும் விளைவிப்பதை மருத்துவர்கள் ‘பச்சைப் புகையிலை நோய்’ என வகுத்துள்ளனர். பனி காயாத காலையில் முளை கிள்ளச் சென்ற கூலியாளின் கைக்கு நேர்ந்ததைச் சொல்லும் ஒரு சுவரொட்டியையேனும் நாம் கண்டதில்லை. புகைப்பவனின் நுரையீரல் படமாகிறது. பயிரிடுபவளின் கை படமாவதில்லை.

4

இவ்விடுபடலுக்கு எதிர்ப்பு ஆக்கங்களை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. தமிழிலக்கிய மரபும் இதில் பங்குகொண்டுள்ளது.

சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றி, உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த ‘புகையிலை விடு தூது’ தமிழில் இப்பொருள் பற்றி எழுந்த பெயர்பெற்ற சிற்றிலக்கியம். பழனி முருகனிடம் புகையிலையைத் தூதனுப்பும் அந்நூல், மும்மூர்த்திகளிடம் ஒப்படைக்கப்பட்ட இலைகளுள் பிரமனின் இலை மட்டும் போகாது எஞ்சியது என்று கதை கட்டி, பெயரிலேயே சிலேடை செய்கிறது. அதன் நயத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் அந்நூலின் முதன்மையான அக்கறை நுகர்வோனின் இன்பம். இலை தேவர் சபையிலிருந்து வருகிறது. வெளிநாட்டிலிருந்து வணிகத்தின் வழியே வந்த ஒரு பயிர், அதன் வரலாறு கழற்றப்பட்டு, புராணம் அணிவிக்கப்படுகிறது. புரவலரைச் சார்ந்து நின்ற புலமை மரபில் இது வியப்பன்று.

நவீன இலக்கியத்துக்கு வருவோம். செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயணம்’ (1965), கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) முதலியவை நிலமற்றோரின் உழைப்பையும் அவமானத்தையும் போராட்டத்தையும் ஈழத்து நாவலின் மையத்துக்குக் கொணர்ந்தன. டானியலின் ‘தண்ணீர்’ கிணற்றையே கருவாகக் கொண்டது. இவ்வெழுத்தாளர்கள் திறந்த வழியிற்றான் நாம் தோட்டத்தின் மெய்யான உறவுகளைக் காணக் கற்றோம். ஆயினும், அந்த வழியில் வந்த சிறுகதைகள் பலவற்றில் பீடியும் சுருட்டும் வேறொரு பயனைப் பெற்றுவிட்டன என்பதையும் கூறியாக வேண்டும். உழைப்பாளி ஒருவனை வாசகருக்கு அறிமுகப்படுத்த ஒரு துண்டுப் பீடி போதும் என்ற நிலை உருவாயிற்று. காதோரம் செருகிய பீடி வர்க்க அடையாளமாயிற்று. சிந்திக்கும் தோழனின் விரலிடைச் சிகரெட் புரட்சிகரச் சிந்தனையின் அடையாளமாயிற்று. மார்க்ஸ் ஓயாது சுருட்டுப் புகைத்தவர் என்பதை அவரது மருமகன் லஃபார்க் பதிந்திருக்கிறார். அதிலிருந்து ஓர் அழகியலை வகுத்துக்கொள்வது மார்க்சியமாகாது.

இதன் விளைவு யாது? பீடி பாத்திரத்தின் ஆபரணமான பின்னர், பீடியைச் சுற்றிய கை மறைந்துவிடுகிறது. இந்தியாவில் பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் 1966 இல் இயற்றப்பட்டது. வீட்டிலிருந்தபடி இலை வெட்டிச் சுற்றும் பெண்களின் உழைப்பு, கூலி, நோய் ஆகியன அங்கு தொழிற்சங்கத்தின் பொருளாயின. நமது கதைகளிலோ புகை மட்டும் எஞ்சியது. ஒழுக்கப் போதகர் புகையை இழிவின் குறியாக்கினார். முற்போக்குக் கதாசிரியர் அதனைத் தோழமையின் குறியாக்கினார். இரு சாராரும் அதனைக் குறியாகவே கொண்டனர். உற்பத்திப் பொருள் என்ற வகையில் புகையிலை இருவர் கையிலிருந்தும் நழுவிற்று.

5

உற்பத்தியை விட்டுவிடும் எழுத்து எவ்வகையான நடைமுறைத் தவறுக்கு இட்டுச் செல்கிறது என்பதை இனி நோக்கலாம்.

இலங்கையில் சிகரெட் உற்பத்தி ஒரே கம்பனியின் கையில் உள்ளது. இலங்கைப் புகையிலைக் கம்பனியின் பங்குகளில் 80 வீதத்துக்கு மேற்பட்டவை பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் குழுமத்துக்கு உரியவை. அக்கம்பனி தனக்கு வேண்டிய இலையை மத்திய மலைநாட்டின் சில பகுதிகளிலும் உலர்வலய மாவட்டங்கள் சிலவற்றிலும் ஒப்பந்த முறையில் பயிரிடச் செய்கிறது. யாழ்ப்பாணத்து இலை சுருட்டுக்கும் வெற்றிலைக்கும் போகிறதேயன்றிச் சிகரெட்டுக்குப் போவதில்லை. அதாவது யாழ்ப்பாணத்து இளைஞன் புகைப்பது யாழ்ப்பாணத்து விவசாயி விளைவித்ததை அன்று. ‘புகையிலை’ என்ற ஒரே சொல்லின் கீழ் பன்னாட்டு மூலதனத்தின் ஏகபோகமும், இரண்டு பரப்புத் தோட்டத்தை வைத்திருக்கும் குடியானவனும் ஒரே கூண்டில் நிறுத்தப்படுகின்றனர். இவ்விரண்டையும் பிரித்தறியாத சுவரொட்டி, அறிந்தோ அறியாமலோ, வலியவனுக்கு மறைவிடம் தருகிறது.

சட்டத்தின் கருவிகளும் இப்பிரிவினைக்கு ஏற்பவே பயன் தருகின்றன. பெட்டியின் 80 வீதத்தைப் பிடித்த படம் வலிமையான ஆக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெட்டிக்கடையில் சிகரெட் ஒவ்வொன்றாகவே விற்கப்படுகிறது. பெட்டி கடைக்காரரிடம் இருக்க, வாங்குபவர் கையில் எச்சரிக்கை அற்ற சிகரெட் மட்டும் சேர்கிறது. சுருட்டுக்கும் உதிரிப் புகையிலைக்கும் பெட்டியே இல்லை. வரியும் அத்தகையதே. சிகரெட்டின் விலை ஏறும் வேகத்தில் பீடியின் விலை ஏறுவதில்லை. பாக்குநீரிணையைக் கடந்து களவாக வரும் பீடி இலை மூட்டைகளைக் கடற்படை அடிக்கடி கைப்பற்றுவது எதனைக் காட்டுகிறது? சிகரெட்டை விட்ட கூலித் தொழிலாளர் அனைவரும் புகையை விட்டுவிடவில்லை என்பதையே காட்டுகிறது.

அரசின் நிலையும் இரட்டை நிலையாகும். 1604 இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கடிந்து நூல் எழுதினான். அவ்வாண்டே அதன் இறக்குமதி வரியைப் பன்மடங்கு உயர்த்தினான். பின்னர் அவ்வருவாயின்றி அவனால் ஆளவும் முடியவில்லை. கண்டித்தலும் வருவாய் கொள்ளலும் ஒரே கையால் நிகழ்வது முதலாளித்துவ அரசின் பழைய இயல்பு. வரி உயர்வை நாம் எதிர்க்கவில்லை. புகைத்தலைக் குறைப்பதற்கு அறியப்பட்ட வழிகளுள் அது மிகவும் பயனுடையது. அவ்வரியின் எப்பங்கு புற்றுநோய்ச் சிகிச்சைக்கும், எப்பங்கு பயிர் மாற்றத்துக்கும் செல்கிறது என்று கேட்பதே நமது கடமை. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுவதற்கு 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி திரட்ட நேர்ந்தது என்பது இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது.

6

கிராமங்களின் தடையை இப்பின்னணியில் வைத்து மதிப்பிடலாம். சட்டம் வற்புறுத்தாத போதும், இலாபத்தை இழந்தும், சிறு வணிகர்கள் சிகரெட்டை விலக்கினர். இது மெய்யான கூட்டுச் செயல். இதன் பெருமையைக் குறைக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் யாழ்ப்பாணக் கிராமத்தில் ‘ஊர்’ என்ற சொல் யாரை உள்ளடக்குகிறது, யாரை விலக்குகிறது என்பதைத் திறனாய்வாளன் மறக்கலாகாது. ஊர்க் கட்டுப்பாடு என்னும் கருவி நன்மைக்கும் பயன்பட்டது. கோயிற் கதவையும் கிணற்றடியையும் அடைப்பதற்கும் பயன்பட்டது.

இதற்கு நேரான முன்னுதாரணம் ஒன்று உண்டு. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வலுப்பெற்ற மதுவிலக்கு இயக்கம், கள்ளுத் தவறணைகளை வாக்கெடுப்பின் மூலம் மூட முனைந்தது. அதனை முன்னெடுத்தவர்கள் கற்றவர்களும் சமயப் பற்றாளர்களும். அதனால் தொழிலை இழக்கும் நிலைக்கு ஆளானவர்கள் மரமேறும் தொழிலாளர்கள். அவர்களது குடும்பத்தின் மறுவேளை உணவு எங்கிருந்து வரும் என்ற வினா இயக்கத்தின் மேடைகளில் முதன்மை பெறவில்லை. அத்தொழிலாளரின் நலனை ஓரளவேனும் உறுதிசெய்தவை 1970 களில் எழுந்த பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களே. ஒழுக்க இயக்கம் ஒன்று தனது செலவை எவர் தலையில் சுமத்துகிறது என்று கேளாதவரை, அது மேலோரின் தூய்மைச் சடங்காகவே முடியும் என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

இன்னொரு பாடமும் உண்டு. அது நமது வாதத்தின் மையமானது. 1970 இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாண விவசாயிக்கு அவற்றுக்கு உறுதியான விலை கிடைத்தது. அதன் பயனாகப் புகையிலை நின்ற தோட்டங்களில் ஒரு பகுதி மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மாறியது. அதற்காக எவரும் சுவரொட்டி ஒட்டவில்லை. எந்த வைத்தியரும் மேடையேறி விளக்கவில்லை. 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது அவ்விலை சரிந்தது. விவசாயியின் தெரிவும் குறுகிற்று. பின்னர் வந்த போரும், 1990 முதல் வலிகாமம் வடக்கின் செம்மண் நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டமையும் அவனிடமிருந்து தெரிவை மட்டுமன்றி நிலத்தையும் பறித்தன. புகையிலை விவசாயி தீமையின் மீது பற்றுக்கொண்டு அதனைப் பயிரிடவில்லை. உணர்த்திக் கட்டி வைத்தால் அழுகாது காத்திருக்கக்கூடிய, வணிகர் வீட்டு வாசலுக்கே வந்து வாங்கக்கூடிய பயிர் வேறில்லை என்பதனாலேயே பயிரிட்டான். தக்காளி காத்திருப்பதில்லை.

2020 ஆம் ஆண்டுக்குள் புகையிலைப் பயிர்ச்செய்கையை நாட்டிலிருந்தே அகற்றுவதாகச் சிறிசேன ஆட்சிக் காலத்தில் அரசு அறிவித்தது. அவ்வாண்டு கடந்து சென்றது, பயிர் தொடர்கிறது. மாற்றுப் பயிருக்கு விலையும், களஞ்சியமும், கடனும் உறுதி செய்யப்படாத அறிவிப்பு வேறெவ்வாறு முடிய முடியும்? இத்தனைக்கும் இலங்கை ஏற்புறுதி செய்த சாசனத்தின் 17 ஆம் உறுப்புரை, புகையிலைத் தொழிலாளருக்கும் பயிரிடுவோருக்கும் தனிப்பட்ட விற்பனையாளருக்கும் பொருளாதார ரீதியில் தாக்குப்பிடிக்கக்கூடிய மாற்று வழிகளை முன்னேற்ற வேண்டும் என்கிறது. அச்சாசனத்தின் எச்சரிக்கைப் படம் நம்மை வந்தடைந்துவிட்டது. 17 ஆம் உறுப்புரை இன்னும் வந்தடையவில்லை.

ஆகவே புகைத்தல் எதிர்ப்பு ஆக்கங்களிடம் நாம் வேண்டுவது அவை மௌனமாக வேண்டும் என்பதன்று. அவை முழுமையாகப் பேச வேண்டும் என்பதே. இலங்கையில் வயதுவந்த ஆண்களில் ஏறத்தாழப் பத்துக்கு மூவர் புகைப்பவர்கள் என்பதை 2015 ஆம் ஆண்டின் தேசிய அளவீடு காட்டியது. அம்மூவரின் உயிர் முக்கியம். அவர்களுக்குப் புகைவிற்று இலாபம் ஈட்டும் கம்பனியின் பெயர் மேடையில் உச்சரிக்கப்பட வேண்டும். சுருட்டுக் கொட்டிலில் முதுமையடைந்த தொழிலாளியும், முளை கிள்ளும் பெண்ணும், வெங்காயத்தின் விலை வீழ்ச்சியால் மீண்டும் புகையிலைக்குத் திரும்பிய விவசாயியும், விற்பனையைக் கைவிட்டு வருவாயிழந்த பெட்டிக்கடைக்காரரும் பாத்திரங்களாக வேண்டும். அழும் மனைவிக்குப் பேசும் உரிமை கிடைக்க வேண்டும். வைத்தியரின் விளக்கம் நாடகத்தின் முடிவாக அமையாது, அதன் தொடக்கமாக அமைய வேண்டும். ஏனெனில் புகைத்தல் கேடு என்பதை இன்று அறியாதார் எவருமிலர். அறிந்த பின்னும் அது ஏன் தொடர்கிறது என்பதே கலைக்குரிய வினா.

சுருட்டுக் கொட்டிலில் செய்தித்தாள் கேட்ட தொழிலாளர் தம் தொழிலின் நிலைமையை உலகின் நிலைமையோடு சேர்த்து விவாதிக்கக் கற்றனர். அவர்களுக்கு வாசித்துக் காட்டக்கூடிய தகுதி நமது எதிர்ப்பு ஆக்கங்களுக்கு உண்டா என்பதே அவற்றை மதிப்பிடுவதற்கு நாம் முன்வைக்கும் அளவுகோல். புகையிலையை விளைவித்தவரையும் சுற்றியவரையும் தன் அணிக்கு அழைக்க இயலாத புகைத்தல் எதிர்ப்பு, கடையின் மேசையிலிருந்து சிகரெட்டை அகற்றலாம். குடாநாட்டின் மண்ணிலிருந்து புகையிலையை அகற்ற அதனால் இயலாது.